இருபத்தெட்டாவது பெட்டி

கழக்கூட்டம்,
11.8.2024

அன்பான ஷீலாவுக்கு மைனி எழுதுவது. கர்த்தருடைய தயவால் நானும் உன் அண்ணனும் மகன் சுபினும் நலம். என் முட்டுவலி மட்டும் யாருடைய தயவுக்கும் அடங்குகிற மாதிரி இல்லை. உன் தலைசுற்றல் எப்படி இருக்கிறது? எஸ்டேட்டுக்கே மருந்து எடுத்துக்கொடுக்கிற நர்ஸ், தன் மாத்திரையை விழுங்க மறந்துவிடாதே.

உன் குவார்ட்டர்ஸில் டவர் கிடைக்காதது ஒரு விதத்தில் நல்லதுதான். கப்பலுக்குக் கடிதம் எழுதியே பழகிய எனக்கு, போனில் பேசினால் பாதி விஷயம் தொண்டையிலேயே நின்றுவிடும்.

சுபின் ஒரு காரியம் செய்திருக்கிறான். ஜனவரி கடைசியில் கொச்சியிலிருந்து ஒரு உல்லாசக் கப்பல் புறப்படுகிறதாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏறினால் இரண்டு ராத்திரி கடலில் சுற்றிக் காட்டி, ஞாயிறு காலையில் கொச்சியிலேயே இறக்கிவிடுவார்கள். எனக்கும் அண்ணனுக்கும் டிக்கெட் போட்டுவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் மெதுவாகச் சொன்னான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கப்பலுக்கென்று இருபத்தேழு தடவை உன் அண்ணனுக்குப் பெட்டி கட்டியிருக்கிறேன். ஒரு தடவைகூட நான் கப்பலில் கால் வைத்ததில்லை. நாலு பக்கமும் கரையே தெரியாத கடலை அவர் பக்கத்தில் நின்று ஒருநாள் பார்க்க வேண்டும் என்று எத்தனை வருஷ ஆசை தெரியுமா.

உன் அண்ணன் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விட்டுவிட்டுக் கப்பலில் கூத்தடிக்கவா என்று கேட்டார். சபைக் கமிட்டிக்காரர் அல்லவா. நீ சொன்னால் கேட்பார். ஒரு வரி எழுதேன்.

மழையில் நனையாதே.

மைனி ஜெயபாய்


பொன்முடி,
24.8.2024

பாசமுள்ள மைனிக்கு ஷீலாவின் ஸ்தோத்திரம். இங்கே நான் சுகம், என் ரத்தம் குடிக்கிற அட்டைகள் அதைவிட சுகம். மண் சரிந்து நாலு நாள் பஸ் வரவில்லை, அதனால்தான் உங்கள் கடிதம் தாமதம். மாத்திரையை ஒழுங்காகத்தான் போடுகிறேன், மேஸ்திரி மாதிரி விரட்ட வேண்டாம்.

மைனி, கடிதத்தை டிஸ்பென்சரியில் வைத்து உரக்கப் படித்தேன். மருந்துக்கு நின்ற பெண்களுக்கெல்லாம் வாயில் ஈ போவது தெரியவில்லை. என் அண்ணன் அத்தனை பெரிய கப்பலில் ஸ்டோர் ஆபீஸராக இருந்தவர் என்று இங்கே தெரியாத ஆள் கிடையாது. ஒரு ஊசி, ஒரு உப்புப் பாக்கெட் வேண்டுமானாலும் அவர் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது என்று அப்பா சொல்வார் அல்லவா, அதை அப்படியே சொல்லிக் காட்டினேன். அவர் இல்லையென்றால் நான் நர்சிங் படித்திருப்பேனா? பாறசாலையில் யாருக்காவது தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன்.

அண்ணனுக்குத் தனியாக இரண்டு பக்கம் எழுதி இதிலேயே வைத்திருக்கிறேன். நானும் உங்களோடு வரலாம் என்று நினைக்கிறேன். லீவு நிறைய கிடக்கிறது. அண்ணன் எந்த மாதிரி அறையில் உட்கார்ந்து அதிகாரம் செய்தார் என்று கண்ணால் பார்க்க வேண்டும். நம்மை ராஜமரியாதையோடு சுற்றிக் காட்டுவார்கள், பாருங்கள்.

வாந்தி மாத்திரையும் தைலமும் என் பொறுப்பு. நீங்கள் சேலைகளை மட்டும் எடுத்து வையுங்கள்.

உங்கள் அன்பு ஷீலா


கழக்கூட்டம்,
15.9.2024

ஷீலாவுக்கு மைனியின் அன்பு. இங்கே யாவரும் சுகம். உன் பக்கம் பஸ் ஓடத் தொடங்கியதா?

நீ எழுதிய இரண்டு பக்கத்தையும் அண்ணன் வாசலில் நின்று படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மாடியில் போய் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார். போன வாரம்தான் அதைக் கழுவியிருந்தார். இறங்கி வந்ததும், தன் முதுகுக்குக் கப்பல் ஆட்டம் ஆகாது என்றார். மறுநாள் கண்ணில் கடல் வெளிச்சம் குத்தும் என்றார். இருபத்தொன்பது வருஷம் குத்தாத வெளிச்சம்.

பெட்டி கட்டும் யோசனையை நான் விடவில்லை. என்னென்ன கொண்டுவரக்கூடாது என்று கப்பல்காரர்கள் போட்டிருப்பதை சுபின் அச்செடுத்துக் கொடுத்தான். சாப்பாட்டுச் சாமான் கூடாது. இஸ்திரிப்பெட்டி கூடாது. தண்ணீர் காய்ச்சும் கம்பி கூடாது. ஊறுகாய் கூடாது என்று தனியாகப் போடவில்லை, ஆனால் சுபின் என் முகத்தைப் பார்த்தே அதையும் சேர்த்துப் படித்தான்.

நீ வருவதாக எழுதியிருந்தாய். அறை இரண்டு பேருக்குத்தான். உனக்கும் இத்தனை தூரம் இறங்கி வந்து அலைச்சல். இன்னொரு தடவை ஆகட்டும். தப்பாக எடுக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மைனி


பொன்முடி,
29.9.2024

மைனிக்கு ஸ்தோத்திரம். நலம். நலமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதமே.

வர வேண்டாம் என்று நீங்கள் என்னிடம் சொன்னது முப்பத்தெட்டு வருஷத்தில் இது முதல் தடவை. நீங்கள் கல்யாணமாகி வந்த அன்று, படுக்க வேறு இடமில்லை என்று என்னையும் உங்கள் பக்கத்திலேயே படுக்க வைத்தவர். இப்போது இரண்டு பேர் அறை என்கிறீர்கள். நான் தனி அறை எடுத்தால்?

அண்ணனுக்கு உடம்புக்கு ஏதாவதா? டாக்டர் ஏதாவது சொன்னாரா? நான் நர்ஸ், மைனி. மறைக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். இருமலை மறைப்பார்கள், மாசமாக இருப்பதை மறைப்பார்கள், கடைசியில் என் முன்னால்தான் வந்து உட்கார்வார்கள். விஷயத்தைச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த பஸ்ஸில் இறங்கி வந்து அவரிடமே கேட்பேன்.

ஷீலா


கழக்கூட்டம்,
13.10.2024

என் ஷீலாவுக்கு. உன் அண்ணன் உடம்புக்கு ஒன்றுமில்லை. அந்தப் பயத்தை முதலில் விடு. இந்தக் கடிதத்தை டிஸ்பென்சரியில் வைத்துப் படிக்காதே. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

உன் அண்ணன் ஸ்டோர் ஆபீஸர் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. கப்பலின் அடித்தட்டில், ஜன்னல் இல்லாத லாண்டரியில் துணி வெளுத்து இஸ்திரி போட்டார். இருபத்தொன்பது வருஷமும் அதே வேலை. பிரயாணிகள் படுத்த விரிப்பு, துடைத்த துவாலை, அவர்களுடைய உள்ளாடை எல்லாம்.

அவர் எனக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியாது. மூன்றாம் தடவை லீவில் வந்தபோது பெட்டியைப் பிரித்தேன். சட்டையெல்லாம் ஒரே அளவில், அளந்து வெட்டினமாதிரி மடித்திருந்தது. ஒரு சட்டைப் பையில் சின்னச் சின்னத் துணிச்சீட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு அறை நம்பர். வலது கை ஓரத்தில் வரிவரியாகச் சூட்டுத் தழும்பு. ஸ்டோரில் நீராவிக் குழாய் பட்டது என்றார். ஸ்டோரில் எதற்கு நீராவி? நான் சீட்டுகளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அவரைக் குற்றம் சொல்லாதே. ஏஜென்ட் சொன்னதை நம்பி, உன் அப்பா பாறசாலை சபையில் எழுந்து நின்று, என் மகன் கப்பலில் ஆபீஸர் வேலைக்குப் போகிறான், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். வேலை என்னவென்று ஏறின பிறகுதான் அவருக்கே தெரிந்திருக்கும். அப்புறம் எந்த வாயால் திருத்துவார்?

அந்த மனிதன் வீட்டில் இஸ்திரிப்பெட்டியைத் தொடமாட்டார். சபைக்குக் கசங்கின சட்டையைப் போட்டுக்கொண்டு போவார், இல்லாவிட்டால் நான் இஸ்திரி போட்டுத் தருகிறவரை காத்திருப்பார். நான் காலரைக் கருக்கினபோதும் வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் கடையிலிருந்து சீக்கிரம் திரும்பினேன். சுபினின் ஸ்கூல் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்படி ஒரு கை, ஷீலா. துணி அவர் சொன்னபடி கேட்கிறது. நான் திரும்பிப் போய், கேட்டை இரண்டு தடவை சத்தமாகத் திறந்து மூடிவிட்டு உள்ளே வந்தேன். பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கப்பலில் ஏறினால் தன்னோடு வேலை செய்தவர் யாராவது அடையாளம் கண்டு கூப்பிடுவார்களோ என்று பயப்படுகிறார். எல்லாவற்றையும்விட, நீ தெரிந்துகொண்டுவிடுவாயோ என்று. உன் முன்னால் குறைந்துபோவதை அவர் தாங்கமாட்டார். அதனால்தான் வராதே என்றேன்.

பதில் எழுது.

மைனி


கழக்கூட்டம்,
10.11.2024

ஷீலா, சுகம்தானே? நாலு வாரமாகிறது. போன கடிதம் கிடைத்ததா? கிடைக்காமல் வேறு யார் கையிலாவது போயிருந்தால் என் கதி என்ன என்று நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை. கிடைத்து நீ எழுதாமல் இருந்தால் அதுவும் இறங்கவில்லை. உன் அண்ணன் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, உன் பஸ்ஸைத் திட்டுகிறார்.

ஒரு கார்டாவது போடு.

மைனி


பொன்முடி,
24.11.2024

மைனிக்கு ஸ்தோத்திரம். சுகம். கடிதம் கிடைத்தது, அடுப்பிலும் போட்டுவிட்டேன். எழுதாமல் இருந்தது கோபத்தால்தான். அண்ணன் மேல் இல்லை, உங்கள் மேல்.

முதல் வாரம் அழுதேன், அதை மறைக்க மாட்டேன். இத்தனை வருஷம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே என்று வெட்கம். பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. நர்சிங்கில் எங்களுக்குத் தொப்பி வைக்கிற விழாவுக்கு முந்தின நாள், அண்ணன் லீவில் இருந்தார். என் யூனிபார்மை வாங்கிக்கொண்டு போனார், ஜங்ஷன் தேய்ப்புக்காரரிடம் கொடுத்தேன் என்று கொண்டுவந்தார். மறுநாள் மேட்ரன் என்னை முன்னால் கூப்பிட்டு நிறுத்தி, ஒரு நர்ஸின் உடை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் காட்டினார். விழா முடிந்து அந்தத் தேய்ப்புக்காரரைத் தேடிப்போனேன், நன்றி சொல்ல. அந்த ஜங்ஷனில் அப்போது தேய்ப்புக் கடையே கிடையாது. அண்ணன் ஏதோ கடையை மாற்றிச் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். மடச்சி நான்.

என் உடுப்புக்குக் கஞ்சி போட்ட கை, மைனி, எந்த ஆபீஸரின் கையைவிடவும் எனக்குப் பெரிது.

உங்கள் மேல் ஏன் கோபம் என்றால், அவர் உங்களிடம் மறைக்கிறார், நீங்கள் தெரியாததுபோல மறைக்கிறீர்கள், இப்போது நானும் சேர்ந்து மறைக்க வேண்டும். அந்த மனிதன் தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறார். எனக்குச் சொன்னதை அவரிடம் சொல்ல உங்களுக்கு ஏன் வாய் வரவில்லை?

நான் கப்பலுக்கு வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள். அவரை ஏற்றிவிடுங்கள்.

ஷீலா


கழக்கூட்டம்,
29.12.2024

ஷீலாவுக்கும் உன் எஸ்டேட் பிள்ளைகளுக்கும் கிறிஸ்துமஸ், புதுவருஷ வாழ்த்துகள். நீ அனுப்பிய தேயிலை கிடைத்தது. உன் கடிதத்தை நான் நாலு தடவை படித்தேன். நீ திட்டினது நியாயம்தான்.

ஆனால் சொல்ல முடியவில்லை. ஒருநாள் காப்பி கொடுக்கும்போது, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையில், சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று முடித்தேன். நான் லாண்டரியில்தான் இருந்தேன் என்று அவரே வந்து சொல்வதற்கும், எனக்குத் தெரியும் என்று நான் முகத்தில் அடிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அவராகச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இத்தனை வருஷம் இருந்தேன்.

நீங்கள் வராவிட்டால் நான் தனியாகப் போவேன் என்று மட்டும் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், சரி வருகிறேன், ஆனால் அறையை விட்டு இறங்க மாட்டேன், வேலைக்காரர்கள் யாரோடும் பேச மாட்டேன், என்னை வற்புறுத்தக்கூடாது என்றார். எனக்கு அதுவே பெரிசு.

பெட்டி கட்டத் தொடங்கிவிட்டேன். ஒரே பெட்டி போதும் என்று சுபின் சொன்னான். பேன்ட் மூன்று, சட்டை ஐந்து, கைலி, பனியன், செருப்பு, அவருடைய எண்ணெய், தைலம், பல்பொடி. கை தானாக அடுக்குகிறது. முன்பு மாதிரி ஒன்பது மாசத்துக்கு இல்லை, இரண்டே நாளைக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. என் சேலைகளையும் இஸ்திரி போட்டுக் கட்டிலில் அடுக்கப்போகிறேன்.

ஜெபித்துக்கொள்.

மைனி


கழக்கூட்டம்,
6.2.2025

அன்பு ஷீலாவுக்கு. போய் வந்துவிட்டோம். நலம். முட்டும் நலம், ஆச்சரியம்தான்.

முதலில் என் மானம் போன கதை. கப்பல் அறையில் பெட்டியைத் திறந்தால், மேலிருந்து கீழ்வரை எல்லாம் அவருடையது. என் துணி ஒன்றுகூட இல்லை. சுபினுக்குப் போன் போட்டால், அம்மா, உங்க சேலையெல்லாம் கட்டில்மேலதான் இருக்கு என்றான். இருபத்தேழு தடவை ஒருத்தருக்கே பெட்டி கட்டினவள், இருபத்தெட்டாவது தடவையும் அப்படியே மூடிவிட்டேன். உடுத்தியிருந்த சந்தன நிறக் காட்டன் சேலையைத் தவிர வேறு கிடையாது. கப்பல் கடையில் தொடைக்கு மேலே நிற்கிற கவுன்தான் விற்கிறார்கள்.

உன் அண்ணன் சொன்ன சொல் தவறவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க அறையிலேயே இருந்தார். துவாலை மாற்ற ஒரு பெண் வந்தபோது குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் தனியாக மேல்தட்டுக்குப் போய்க் கடலைப் பார்த்தேன். எல்லோரும் ஜோடி ஜோடியாக நின்றார்கள். இதற்கா வந்தேன் என்று தோன்றியது.

சனிக்கிழமை மத்தியானம் கெஞ்சிக் கூத்தாடிச் சாப்பிடக் கூட்டிப்போனேன். கப்பல் ஒரு ஆட்டம் ஆடியது, மீன் குழம்பு என் மடியில். ஓட்டமாக அறைக்கு வந்து, அவருடைய கைலியையும் சட்டையையும் மாட்டிக்கொண்டு, சேலையைத் தண்ணீரில் போட்டுச் சோப்பைக் கையில் எடுத்தேன். கதவோரம் நின்றவர் ஒரே எட்டில் வந்து என் கையைப் பிடித்துவிட்டார்.

"ஏட்டி, சோப்பு போடாத. மஞ்சக் கறையாக்கும். சோப்பு பட்டா செவந்து போவும்."

சொன்னபிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. சோப்பைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்து நின்றேன். அவர் அந்தத் துவாலைப் பெண்ணைத் தானே போய்க் கூப்பிட்டு எலுமிச்சம்பழமும் உப்பும் கேட்டு வாங்கினார். கறையைத் தேய்க்கவே இல்லை. விரலால் ஒற்றி ஒற்றி எடுத்து, பச்சைத் தண்ணீரில் அலசி, பால்கனியில் வெயில் படும் இடமாகப் பார்த்து விரித்தார். ஒன்றரை மணி நேரத்தில் மஞ்சள் போன இடம் தெரியவில்லை. ஆனால் சேலை கசங்கிச் சுருண்டு கிடந்தது. அறையில் இஸ்திரி கிடையாது. லாண்டரிக்குக் கொடுத்தால் நாளைக்குத்தான் வரும் என்றாள் அந்தப் பெண்.

போகட்டும், நான் அறையிலேயே இருக்கிறேன், நாளைக்குக் காலையில் கசங்கின சேலையோடு இறங்கிக்கொள்ளலாம் என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார். வெளியே பொழுது சாயத் தொடங்கியிருந்தது. பிறகு எழுந்து, லாண்டரி சூப்பர்வைசரை வரச் சொல்லு என்று அந்தப் பெண்ணை அனுப்பினார்.

வந்தவர் கொல்லத்துக்காரர், ஐம்பது வயசிருக்கும். உன் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார், ஷீலா. அந்த முகத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். பிறகு அவரிடம் சொன்னார்.

"நான் தாசையன். இருபத்தொம்பது வருசம் கப்பல் லாண்டரியில இருந்தவன். ஒரு மேசையும் அர மணி நேரமும் தந்தா போதும். எனக்க பெண்டாட்டிக்க சேலை."

பிரயாணிகள் கீழே வரக்கூடாது என்று அந்தக் கொல்லத்துக்காரர் ஆரம்பித்தார். அப்புறம் உன் அண்ணன் நீட்டிய கையின் ஓரத்தைப் பார்த்தார். தன் கையைப் புரட்டிக் காட்டினார். அதே வரிகள். "வா ஆசானே" என்று தோளில் கைபோட்டுக் கூட்டிப்போய்விட்டார்.

அரை மணி நேரம் என்றவர் முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். கையில் என் சேலை, கடையிலிருந்து அன்றைக்குத்தான் எடுத்தமாதிரி. அவருக்குப் பின்னால் நாலு லாண்டரிக்காரர்கள், ஆசானின் வீட்டுக்காரியைப் பார்க்க. அவர் கொசுவ மடிப்பு போட்டதைச் சுற்றி நின்று பார்த்தார்களாம். இப்படி ஒரு கையைத் தாங்கள் பார்த்ததில்லை என்று என்னிடம் ஹிந்தியிலும் மலையாளத்திலும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். நான் கைலியும் சட்டையுமாக நின்று கும்பிட்டேன்.

அவர்கள் போனதும் என் முகத்தைப் பார்க்காமல், "நான் ஸ்டோர்ல இருந்ததில்ல" என்றார்.

"தெரியும்."

"எப்பயிலேருந்து?"

"மூணாவது தடவ நீங்க வந்தப்ப."

அப்படியே உட்கார்ந்துவிட்டார். பின்ன ஏன் கேக்கல என்றார். நீங்க சொல்லட்டும்னு இருந்தேன் என்றேன். இத்தனை வருசமுமா என்றார். ஆமா என்றேன். சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். நானும் அழுதேன். உங்களைப் பற்றி எனக்கு எப்போதும் பெருமைதான், அதைச் சொல்ல முடியாமல் போனதுதான் எனக்குக் குறை என்று வாய்விட்டுச் சொன்னேன்.

சேலையைக் கட்டிக்கொண்டு அவரோடு மேலே போனேன். சூரியன் முங்கப் பத்து நிமிஷம் இருந்தது. நாலு பக்கமும் கரை இல்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, கப்பலில் இத்தனை வருசம் இருந்தும் சூரியன் மறைவதை நான் நாலோ அஞ்சோ தடவைதான் பார்த்திருக்கிறேன், அந்த நேரத்தில் எங்களுக்கு ஷிப்ட் என்றார்.

உனக்குத் தெரியும் என்பதை நான் சொல்லவில்லை. அது உனக்கும் அவருக்கும்.

மைனி


பொன்முடி,
13.2.2025

மைனி, ஸ்தோத்திரம். இங்கே சுகம். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே மூன்று பேருக்குத் தப்பாக மருந்து கொடுக்கப் பார்த்தேன்.

ஒரே ஒரு கேள்வி. இருபத்தேழு பெட்டியில் ஒரு கைக்குட்டை விட்டுப்போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. உண்மையாகவே மறந்தீர்களா?

ஷீலா


கழக்கூட்டம்,
19.2.2025

அன்புத் தங்கைக்கு அண்ணன் தாசையன் எழுதுவது. நாங்கள் நலம், உன் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறோம். உனக்குக் கடிதம் எழுதி எட்டு வருஷம் இருக்கும். நீ ஏதோ கேள்வி கேட்டிருந்தாயாம், உன் மைனி படித்துவிட்டுச் சிரிக்கிறாள். என்ன கேள்வி என்று எனக்குச் சொல்லவில்லை. பதில் எழுதவும் உத்தேசம் இல்லை என்கிறாள்.

ஷீலா, நான் கப்பலில் ஆபீஸர் இல்லை. லாண்டரியில் துணி வெளுத்தவன். அப்பாவுக்கு முதல் கடிதத்திலேயே எழுதினேன், கிழித்துவிட்டேன். அப்பா காலமான பிறகு உனக்கு எழுத நினைத்தேன். நீ அதற்குள் எஸ்டேட் முழுக்கச் சொல்லியிருந்தாய். நீ பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். உன்னைப் பொய்க்காரியாக்கினது நான்தான். மன்னித்துக்கொள்.

வேலையைக் கேவலமாக நான் நினைக்கவில்லை. நன்றாகச் செய்தேன். உன்னிடம் சொல்லத்தான் பயம்.

இதை யாரிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். பழையபடி அண்ணன் என்று எழுதுவாயா?

தாசையன்


பொன்முடி,
2.3.2025

என் அண்ணனுக்கு, அண்ணனுக்கு, அண்ணனுக்கு. போதுமா, இன்னும் எழுதவா? நான் சுகம். நீங்களும் மைனியும் சுபினும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. படித்தேன். எனக்கு யூனிபார்ம் இஸ்திரி போட்டுத் தந்தது யார் என்றும் தெரிந்தது. அன்றைக்குச் சொல்லாத நன்றியை இப்போது சொல்கிறேன். இத்தனை வருஷமும் நான் பேசின பெருமை கொஞ்சம்தான் அண்ணா, இனிமேல்தான் பேசப்போகிறேன்.

யாரிடம் சொல்வதும் என் இஷ்டம் என்று எழுதியிருந்தீர்கள். இன்று எஸ்டேட் சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றேன். என் அண்ணன் ஆபீஸர் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன், அது தவறு, அவர் இருபத்தொன்பது வருஷம் கப்பலின் அடித்தட்டில் மற்றவர்கள் துணியை வெளுத்து என்னைப் படிக்க வைத்தார், அவருக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றேன். போதகர் பாட்டைத் தொடங்கினார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, கொழுந்து பறிக்கிற சரசம்மா வாசலில் எனக்காக நின்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவள் மகள் மூன்று வருஷமாக ஏதோ ஒரு கப்பலில் இருக்கிறாள். என்ன வேலை என்று எத்தனை தடவை கேட்டாலும் சொன்னதில்லையாம், இப்போதெல்லாம் போன் செய்வதும் குறைந்துவிட்டதாம். மகளுக்கு அனுப்ப உங்கள் விலாசத்தைக் கேட்டாள். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் ஷீலா